கத்தாதவள்

"ஏம்மா நர்ஸு! உசுரோட கத்துறவரை விட்டுட்டு, பொணத்தைப் போட்டு அமுக்கிக்கிட்டு இருக்கியே, நல்லாருக்கா இது?"

தங்கப்பாண்டியனுக்கு வந்த கோபத்தில் கொட்டுகிற மழைகூட உறைக்கவில்லை.

ஐந்து நிமிஷம் முன்னால்தான் ராயப்பன்பட்டியில் அவருடைய திராட்சைத் தோட்டத்தில் இடி இறங்கியது. பந்தல் கம்பியை ஒட்டி நின்ற இரண்டு பேர் விழுந்தார்கள்.

ஒருவர், விலை பேச வந்த தேனி வியாபாரி ஸ்டீவன். "கண்ணு தெரியலையே! காது கேக்கலையே! காலு வரலையே!" என்று சேற்றில் கிடந்து கத்தினார்.

இன்னொருத்தி, குலை வெட்டிக்கொண்டிருந்த இருளம்மாள். பேச்சுமில்லை, மூச்சுமில்லை. வானம் கறுத்தபோதே கிளம்பப் பார்த்தவளை, "இந்த ஒரு வரிசையை முடிச்சிட்டுப் போ ஆத்தா" என்று நிறுத்தி வைத்த புண்ணியவான் தங்கப்பாண்டியன்தான். அது இப்போது அவர் நினைப்பிலேயே இல்லை.

எதிரே இருக்கும் சுகாதார நிலையத்திலிருந்து நர்ஸ் ஓடி வந்தாள். மாற்றலாகி வந்து நாலே நாள். இரண்டு பேரையும் பார்த்தாள். ஒரு கணம் நின்றாள். பிறகு நேரே இருளம்மாள் பக்கத்தில் மண்டியிட்டாள்.

"தொடாத! உடம்புல கரண்டு இருக்கும்!"

"இடி விழுந்த உடம்புல கரண்டு தங்காதுண்ணே. 108-க்குப் போன் போடுங்க."

"போட்டாச்சு. அந்தப் பெரிய மனுசனைப் பாரும்மா மொதல்ல!"

"கத்துறவருக்கு மூச்சு இருக்குண்ணே. கத்தாதவளுக்குத்தான் இல்ல. இப்ப விட்டா போயிருவா."

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். இங்கே நடக்கிற அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல?

"கூலிக்காரி என்ன ஒனக்குச் சொந்தமா? அவருக்கு ஒண்ணு ஆகட்டும், மேல எழுதிப்போட்டு ஒன் வேலையத் தொலைக்கிறேன்!"

அவள் இருளம்மாளின் நெஞ்சை அமுக்கினாள். வாயோடு வாய் வைத்து ஊதினாள். மறுபடி அமுக்கினாள். ஸ்டீவன் கத்தும்போதெல்லாம் அவள் உதடு நடுங்கியது. கை மட்டும் நிற்கவில்லை.

108 வந்து நின்றபோது இருளம்மாள் இருமினாள். நெஞ்சு தானாக ஏறி இறங்கியது.

இரண்டு பேரையும் வண்டியில் ஏற்றினார்கள்.

"கூட யாரு வர்றாக?" என்றார் டிரைவர்.

"ஸ்டீவன் சாருக்கு இங்கன யாரும் இல்ல. நான் வாரேன்" என்று முந்திக்கொண்டு படியில் கால் வைத்தார் தங்கப்பாண்டியன்.

நர்ஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அவரை நான் பாத்துக்கிறேண்ணே, என் வீட்டுக்காரருதான். நீங்க அந்த அக்கா பக்கத்துல உக்காருங்க. அவுக உங்க தோட்டத்து ஆளுதானே?"