ஒரு மணி நேரம்

கரையோரச் சாயப்பட்டறைகள் அனைத்தும் ஒரே குழாய் வழியாகத்தான் கழிவுநீரை ஆற்றுக்குள் விட்டன. அந்தக் குழாயின் வால்வு ரங்கராசுவின் பொறுப்பில் இருந்தது. பட்டறையில் சாயம் கலக்கும் சென்னியப்பன் அவரிடம் போய் நின்றான்.

“நாளைக்குக் காலைல ஒரு மணி நேரம் மூடி வெய்யிங்ணா. அம்மா சாம்பலக் கரைக்கோணும்.”

“ஆத்துக்கே லீவு கேக்கறயாடா?”

“நான் பொறக்கறதுக்கு முன்னயே வெள்ளச் சேல கட்டுனவங்ணா. செவப்புத் தண்ணில கரைக்கச் சொல்றீங்களா?”

ரங்கராசு சிரிப்பதை நிறுத்தினார். மறுநாள் விடிந்ததும் வால்வை மூடினார்.

சென்னியப்பனும் அவன் அக்காவும் சாம்பல் கலயத்துடன் படித்துறைக்கு வந்தபோது ஆறு இல்லை. கறுத்த சேறு கிடந்தது. நேற்றைய சிவப்பு அதில் வரிவரியாகக் காய்ந்துகொண்டிருந்தது.

“தண்ணி எங்கடா?” என்றாள் அக்கா.

அவன் மேற்கே பார்த்தான். ஆறு வரும் திசையெங்கும் மணலும் முள்ளும்தான். இத்தனை வருடமும் ஓடியது குழாயிலிருந்து வந்தது மட்டுமே.

எடுத்து வந்த கலயத்தைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. அவன் செல்போனை எடுத்தான்.

“தெறந்து உடுங்ணா.”

“இன்னைக்குக் கருநீலந்தான் நிக்குது. பரவால்லயா?”

“கருநீலந்தான் வருமாம்க்கா” என்று அவன் அக்காவைப் பார்த்தான். கலயத்தின் வாயில், அம்மாவின் சேலையிலிருந்து கிழித்த வெள்ளைத் துணி கட்டியிருந்தது.

“அப்பா இருந்தப்ப அம்மா நீலந்தான்டா கட்டும்” என்றாள் அக்கா. பிறகு, அவனைப் பார்க்காமல், முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள்.