ஊதாப் பொட்டு வைத்த கூடு

"டெல்லோட தோட்டாப் பெட்டியத் திறங்கப்பா."

அம்மா ஒருபோதும் கேட்கக் கூடாதென்று சொல்லியிருந்ததை மார்லிஸ் கேட்டுவிட்டாள். அமெரிக்காவின் மொன்டானாவில் அன்று மான் வேட்டை தொடங்கும் நாள்.

"காலேஜ் முடிச்சதும் அதிகாரமா?" என்றபடி அப்பா வெண்டல் பெட்டியைத் திறந்தார்.

செத்துப்போன அண்ணன் டெல் தன் குட்டைக்குழல் துப்பாக்கிக்காகக் கையால் அடைத்த ஐம்பது தோட்டாக்கள். ஒவ்வொன்றின் அடியிலும் அவன் வைத்த ஊதா மைப்பொட்டு. துப்பாக்கியை அவனோடேயே புதைத்தாயிற்று. ஆனால் ஒரு தோட்டா மட்டும் வெடித்து முடிந்த வெறுங்கூடாக இருந்தது. எடுத்தாள். சூடாக இருந்தது.

"செத்த பிறகும் வருஷாவருஷம் இன்னைக்கு ஒண்ணு சுடுவான். நான் திரும்ப வெடிமருந்து அடைச்சு வச்சிருவேன்."

"நீங்க அடைக்கிறதாலதான் அவன் போகாம நிக்கிறான்."

"போயிட்டா எனக்கு யாரு இருக்கா?"

"நானும் செத்தாத்தான் உங்க கண்ணுக்குத் தெரிவேனா?"

வெறுங்கூட்டைக் கைக்குள் மூடிக்கொண்டு வெளியே நடந்தாள். இனி இதில் மருந்து ஏறாது. வண்டி வரை நடந்தும் அதன் சூடு தணியவில்லை.