தூங்காத குழந்தை

கணினி விளையாட்டுக் கண்காட்சி அரங்கில் எந்தத் திரையைப் பார்த்தாலும் ஏதோ ஒன்று வெடித்துக்கொண்டிருந்தது. தாமரைச்செல்வி உருவாக்கிய விளையாட்டில் மட்டும் ஒரு குழந்தை அழுதது. மைக்கில் மெல்லத் தாலாட்டு முனகினால் அது கண்ணை மூடும்; சத்தம் கேட்டால் விழித்துக்கொள்ளும். அவ்வளவுதான். "ஒருத்தரும் நிக்க மாட்டேங்கறாங்க. ஒரு பேயையாவது உள்ள விட்டிருக்கலாம்" என்றான் கூட்டாளி ஜெரால்டு. "இதே மாதிரி இன்னொண்ணு இங்க இருந்தா காட்டு" என்றாள் அவள். பக்கத்துக் கடை விளையாட்டில் சுட்டுத் தள்ளிவிட்டு வந்த ஒரு தடித்த ஆள் திரையை எட்டிப்பார்த்தார். "சுடறதுக்கு ஒண்ணும் இல்லையாம்மா?" "இல்ல சார். தூங்க வைக்கணும்." அவர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்து முனகத் தொடங்கினார். குழந்தைக்குக் கண் சொருகும் நேரமெல்லாம் பக்கத்துக் கடையில் குண்டு வெடித்தது, அது வீறிட்டது. நான்காம் முறை அவர் திரும்பிக் கத்தினார்: "யப்பா, சத்தத்தைக் கொறைங்கப்பா! புள்ள முழிச்சிக்குது!" அந்தக் கடைக்காரன் திகைத்துப்போய்க் குறைத்தான். என்னவென்று பார்க்க ஆட்கள் கூடினார்கள். வந்தவர்கள் தாமாகவே பேச்சை நிறுத்தினார்கள். ஜெரால்டு ஏதோ சொல்ல வாயெடுத்தான். தாமரைச்செல்வி உதட்டில் விரலை வைத்தாள். கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பெண், செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, நெருங்கி வந்துகொண்டிருந்தாள்.