கவிழ்த்து வைத்த சட்டி

பினாங்கு ஆஸ்பத்திரி ஒன்றில், பிள்ளைகளின் மூத்திரத்தைக் காலைதோறும் அளந்து டாக்டரிடம் சொல்வது செபஸ்தியம்மாள் ஆயாவின் வேலை. அக்கரையிலுள்ள நிபோங் திபால் தோட்டத்திலிருந்து இரண்டு சகோதரிகள் முகமும் காலும் வீங்கி வந்திருந்தார்கள். மூத்தவள் மதலேன் செவ்வாய்க்கிழமை இறந்துபோனாள். அவள் மூத்திரம் போகும் எனாமல் சட்டியை ஆயா கழுவி, கட்டிலடியில் கவிழ்த்து வைத்தாள். அக்கா படகேறி வீட்டுக்குப் போய்விட்டாள் என்று இளையவள் ரோசலியிடம் சொன்னதும் ஆயாதான். அன்றிலிருந்து ரோசலிக்கு ஒரு சொட்டும் இறங்கவில்லை. வியாழனுக்குள் இறங்காவிட்டால் பிழைப்பது கஷ்டம் என்றார் டாக்டர்.

வியாழன் காலை ரோசலியின் சட்டியில் எட்டு அவுன்ஸ் இருந்தது. ஆயா அவளைக் கட்டிக்கொண்டாள்.

"எப்படிடி தங்கம் போனே?"

"அக்கா பக்கத்துல குந்திக்கிட்டு, 'ஸ்ஸ்ஸ்'னு சொல்லுச்சு ஆயா. ரெண்டு பேரும் சேந்துதான் போனோம்."

ஆயா குனிந்து பார்த்தாள். காலிக் கட்டிலின் அடியில் மதலேனின் சட்டி நிமிர்ந்திருந்தது. அதில் பாதிக்கு மேல் இருந்தது. தொட்டால் இன்னும் வெதுவெதுப்பு.

அதையும் அளந்தாள். பிறகு நன்றாகக் கழுவித் துடைத்து, இந்தத் தடவை கவிழ்க்காமல் வைத்தாள்.