படகில் ஏறிய அரசன்

அல்பெர்கேரியா என்ற ஊரின் கோயில் மண்டபத்தில் சந்தைத் தள்ளுவண்டி ஒன்று படகாகியிருக்கிறது. சில்லுகளை நீலச் சேலை மறைக்கிறது. திரைக்குப் பின்னால் நின்று அனிற்றா கயிற்றை மெதுவாக இழுத்தால், ஏரியே படகைக் கொண்டுபோவதாகத் தோன்றும். பழைய ஆங்கிலக் கதைப்பாட்டில் வரும் அரசனாக, காயத்தோடு ஜோக்கிம் அதில் சாய்ந்திருக்கிறார். யன்னல் வெயில் அவருடைய தகர முடியில் மின்னுகிறது. மாலையில் நாடகம். சாகப்போகும் அரசன் திரும்பி வருவான் என்று சனம் நம்ப வேண்டும். ஒத்திகையில் ஒருவரும் நம்பவில்லை என்பதுதான் நாடகத்தை எழுதிய கிளறாவின் கவலை. “நான் போறன்” என்கிறார் ஜோக்கிம். கயிறு அசையவில்லை. “என்ன அண்ணை, வீட்டாலை வெளிக்கிடேக்கை அப்பிடியோ சொல்லுறனீங்கள்? போறன் எண்டால் நான் இழுக்க மாட்டன்!” என்கிறது அனிற்றாவின் குரல். கிளறா சிரித்தபடி வசனத்தை மாற்றுகிறாள். “போட்டு வாறன், பிள்ளையள்” என்கிறார் ஜோக்கிம். படகு நகர்கிறது. வாசலில் கதிரை அடுக்கும் றமேஸ் தன்னை மறந்து சொல்கிறான்: “ஓம், வாங்கோ.”