தோன்றா எழுவாய்

"கையெழுத்துப் போட மாட்டேம்மா. இந்தப் பக்கத்துல தப்பு இருக்கு."

பதிப்பாசிரியை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்றே முக்கால். பன்னிரண்டுக்கு அச்சக வண்டி கிளம்பிவிடும். அதற்குள் மெய்ப்புத் திருத்துகிறவரின் கையெழுத்து விழாவிட்டால், எட்டாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகம் அந்தப் பக்கம் இல்லாமலே அச்சேறும். மேலிடம் அப்படியொரு சாக்குக்குத்தான் காத்திருந்தது.

"என்ன தப்பு ஐயா? எங்கயாவது ஒற்று விட்டுப்போச்சா?"

மெய்ப்புத் திருத்துகிறவர், ஒரு 'க்' குறைந்தாலும் பக்கத்தைத் திருப்பி அனுப்புகிறவர். அலுவலகத்தில் அவருக்கு 'ஒற்று' என்றே பெயர். பதினோரு வருடமாக எதிர்மேசை. அவர் குரல் உயர்ந்து அவள் கேட்டதில்லை. இப்போதும் உயரவில்லை. பேனா முனையால் ஒரு வரியைக் காட்டினார்.

'போரின்போது பள்ளிக்கூடத்தில் தஞ்சம் புகுந்திருந்த நாற்பத்தொரு பேர் இறந்தனர்.'

"இறந்தனர்னா? காய்ச்சல்லயா?"

"கொல்லப்பட்டனர்னுதான் எழுதிக் கொடுத்தேன். மேலிடத்துல அந்தச் சொல்லை வெட்டிட்டாங்க. யாரு கொன்னாங்கன்னு பிள்ளைங்க கேக்குமாம்."

"கேக்கட்டுமே."

"கேட்டா யாரு பதில் சொல்றது, நீங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கீழே வண்டிக்காரர் ஹாரனை அழுத்தினார்.

"கொன்ன வினைக்கு எழுவாயே இல்ல. அதான் சொன்னேன்" என்றார் மெல்ல.

"இலக்கணம் பேசுற நேரமா இது? இந்த ஒரு வரிக்கு மூணு வருஷம் நாயா அலைஞ்சிருக்கேன். உங்க வீறாப்புல இதுவும் போயிடும். ஒண்ணுமே நடக்கலன்னு ஆயிடும். பரவாயில்லையா?"

"அரைகுறையா சொல்றதும் அதேதாம்மா."

அவளுக்கு ஆத்திரம் வந்தது. இத்தனை நாள் யாரிடமும் சொல்லாததைச் சொல்லிவிட்டாள்.

"அந்த நாற்பத்தொரு பேர்ல ஒருத்தன் என் அண்ணன். பன்னெண்டு வயசு. எனக்கே இந்தச் சொல்லு போதும்னு மனசைத் தேத்திக்கிட்டேன். உங்களுக்கு எங்க வலிக்குது?"

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"அண்ணனா? சொன்னதே இல்லையேம்மா."

"நீங்க கேட்டதே இல்லையே ஐயா."

மறுபடி ஹாரன். அவள் வாசல்வரை போய், "ரெண்டு நிமிஷம்ண்ணே" என்று குரல் கொடுத்துவிட்டு வந்தாள். அதற்குள் அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுதி முடித்திருந்தார். அடியில் கையெழுத்தும் இருந்தது. தாளை அவள் பக்கம் நகர்த்தினார். பக்கம் தப்பித்துவிட்டது என்ற நிம்மதியோடு எடுத்துப் படித்தாள்.

'இறந்தனர்' அடிக்கப்பட்டிருந்தது. வரி இப்போது 'நாற்பத்தொரு பேரைக் கொன்றோம்' என்று முடிந்தது.

"அவசரத்துல நீங்களே தப்பு விட்டுட்டீங்க ஐயா. கொன்றனர்னு வரணும்."

"அன்னைக்கு அந்தப் பள்ளிக்கூட வாசல்ல துப்பாக்கியோட நின்னது ஒன்பது பேரும்மா" என்றார் அவர், தலையைத் தூக்காமல். "அதுல ஒருத்தன் எழுதினா, கொன்றோம்னுதான் வரும்."