வேரில் வெள்ளை நூல்

"இந்த நாலு பாத்தி மட்டும் எப்படிம்மா சாயாம நிக்கி?"

கார்த்திகையில் விவசாய இலாகாவிலிருந்து வந்த சுந்தர்சிங், வடிவம்மாளைப் பார்த்து இப்படித்தான் கேட்டார். பூட்ஸைப் படலுக்கு வெளியே கழற்றிவிட்டு வெறுங்காலோடு கொடிக்காலுக்குள் வந்திருந்தார். வெற்றிலைக் கொடிக்குச் செய்கிற மரியாதை அவருக்குத் தெரிந்திருந்தது.

அவள் உதிர்ந்த இலையைப் பொறுக்கக் குனிந்துகொண்டாள். புருஷன் மந்திரமூர்த்தி பக்கத்தில் நின்றிருந்தான்.

இப்போது தை பிறந்துவிட்டது. மறுபடி நடவு.

அவள் முன்னால் சுண்ணாம்புத் தண்ணீர்ப் பானை. அருகே ஈரச் சாக்கில் வேர்விட்ட விதைக்கொடிகள், கட்டுக் கட்டாக. வேரெல்லாம் வெள்ளை நூலாகப் பூசணம் படர்ந்திருந்தது. அதைச் சுண்ணாம்புத் தண்ணீரில் கழுவிவிட்டுத்தான் நட வேண்டும் என்பது மந்திரமூர்த்தியின் கட்டளை.

போன வருஷமும் கழுவித்தான் நட்டார்கள். இருபத்தாறு பாத்தி. ஐப்பசி மழையில் தூர் அழுகி, இருபத்திரண்டு பாத்திக் கொடியும் மஞ்சளித்துச் சாய்ந்தது. தென்னோரத்து நாலு பாத்தி மட்டும் அகத்தியைக் கட்டிக்கொண்டு கறுகறுவென்று நின்றது.

இந்த நடவும் போனால் கொடிக்கால் கைவிட்டுப் போகும்.

கார்த்திகையில் வந்தபோது சுந்தர்சிங் அந்த நாலில் ஒரு கொடியின் வேரைத் தோண்டிப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். இந்தப் பூசணம் வேரைத் தின்கிற ஜாதி இல்லை, வேரோடு குடித்தனம் நடத்துகிற ஜாதி என்றார். கெட்ட பூசணத்தை அண்டவிடாதாம். வேரை லேசாகச் சீண்டிக்கொண்டே இருப்பதால், நோய் வருமுன்பே கொடி விழித்துக்கொள்ளும்போல இருக்கிறது என்றும் சொன்னார். அது மட்டும் தன் ஊகம்தான் என்றார்.

"பூசணம் பிடிச்சா சோறே ஆவாது. கொடி பிழைச்சிருமாக்கும்" என்று அவர் சைக்கிள் மறைந்ததும் மந்திரமூர்த்தி சிரித்தான்.

கொடி சாய்ந்ததற்கு அவனிடம் வேறு காரணம் இருந்தது. தீட்டோடு எவளோ உள்ளே மிதித்துவிட்டாள். இலை கிள்ளுகிற பெண்களை ஒவ்வொருத்தியாக நிறுத்திக் கேட்டான். எல்லோரும் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார்கள். வடிவம்மாளிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே அவனுக்குத் தோன்றவில்லை.

நாலு பாத்தி பிழைத்தது செந்தூர் முருகன் கருணை என்று, மார்கழியில் அந்த இலையைத் தலையில் சுமந்து நடந்தே போய்ச் சன்னதியில் வைத்துவிட்டு வந்தான்.

வடிவம்மாள் கொடிக் கட்டு ஒன்றை எடுத்தாள். விரல் வெடிப்பில் சுண்ணாம்பு எரிந்தது. அலுப்பாக இருந்தது. செத்த கொடிகளை அவள்தான் பிடுங்கிக் கரையில் கொட்டினாள். அடுத்த ஐப்பசியிலும் அதையே செய்ய உடம்பில் தெம்பு இல்லை.

"அத்தான், இதக் கழுவ வேண்டாம்."

"ஏளா, அந்தப் பூட்ஸ்காரன் கிறுக்கு உனக்கும் பிடிச்சிட்டா?"

"அந்த நாலு பாத்தியும் நான் கழுவாம நட்டது."

பாத்தி வெட்டிக்கொண்டிருந்த அவன் மண்வெட்டி நின்றது.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். போன நடவு அன்றைக்கு அவன் தூத்துக்குடிக்குப் போயிருந்தான். யுத்தச் சரக்கு ஏற்றக் கூலி அதிகம் என்று வேலையாட்கள் எல்லாம் துறைமுகத்துக்குப் போய்விட்டார்கள். மீதிக் கொடி வெயிலில் வாட ஆரம்பித்தது. வாய்க்காலில் தண்ணீர் மொண்டு வந்து சுண்ணாம்பு கரைத்துக் கழுவ அவளால் முடியவில்லை. இருந்தபடியே நட்டுவிட்டாள். கழுவியதாகச் சொல்லிவிட்டாள்.

அவன் மண்வெட்டியை வரப்பில் சாய்த்து வைத்தான். அவள் எதிர்பார்த்த கோபம் வரவில்லை. முகம் தெளிந்துகூட விட்டது. கழுவாமலே பிழைத்திருக்கிறது என்றால் முருகன் கருணை எவ்வளவு பெரிது என்றான். சுத்தமான கை நட்டதை முருகன் கைவிடமாட்டான் என்றான்.

சொல்லிக்கொண்டே வந்து எதிரே குத்தவைத்து உட்கார்ந்தான். அவள் கையிலிருந்த கட்டை வாங்கி, தானே கழுவப் பானைக்குள் இறக்கப் போனான்.

இதோடு விட்டிருந்தால் அவளுக்கு ஒன்றும் இல்லை. கொடிகள்தான் சாகும்.

"அன்னைக்கு எனக்குத் தூரம், அத்தான். ரெண்டாம் நாளு."

கட்டு தண்ணீருக்கு ஒரு சாண் மேலே நின்றது.

அவன் தென்னோரத்துப் பாத்திகளைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

பிறகு கட்டை நனைக்காமல் சாக்கின்மேல் வைத்தான். எழுந்தான். பானையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டான். படலைத் திறந்து, சுண்ணாம்புத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வர வாய்க்கால் கரையோடு நடந்துபோனான்.